பின்பாட்டு விழாத பாட்டு

“அப்பா, இதுல கத்துறது நீங்கதானே?” என்று மகள் போனை நீட்டினாள். யாரோ ஒரு பழைய கேசட்டைத் தேடிப்பிடித்து யூடியூபில் போட்டிருக்கிறார்கள். பதுளையில் ஒரு ஞாயிறு பகலில் நடந்த மாரிமுத்துவின் கச்சேரி. கேட்டேன். நானேதான். அந்தக் கட்டைக்குரல் வேறு யாருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்!

கேசட் இரைச்சலோடு நனைந்த கம்பளி வாடையும் வந்தது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், மாசிப் பனியில், ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நானும் மாரியும் மன்மதன் எரிந்த கதையான காமன் கூத்தைப் பாடிப் பழகுவோம். அவன் முன்பாட்டு, நான் பின்பாட்டு. ரதி அழுகிற இடத்தில் ஒரு சட்டம் உண்டு. பின்பாட்டு விழாமல் முன்பாட்டுக்காரன் அடுத்த அடிக்குப் போகக்கூடாது. புருஷனைப் பறிகொடுத்தவள் கேட்டால் யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்?

பிறகு மாரி கொழும்புக்குப் போனான். கரண்டில் போடுகிற கிட்டாரோடு திரும்பினான். ரதி ஒப்பாரியை ராக் இசையில் பாடப்போகிறானாம். தோட்டத்து லயத்து வீடுகளே கொதித்தன. “தப்பு மேளம் அடிக்காம ரதி அழுவாளா? சாமி குத்தம்டா!” என்றார்கள். எல்லோரையும்விட அதிகம் குதித்தவன் நான். பெரிய கலைக்காவலன்! உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சாமிக்காக இல்லை. அவனுடைய கிட்டார் கோஷ்டியில் என்னைச் சேர்க்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல். “நீ கச்சேரியில முன்னுக்கு வந்து நில்லுடா, போதும்” என்று மட்டும்தான் மாரி சொல்லியிருந்தான்.

பதுளைக்கு லொறியில் போய் மேடைக்கு முன்னால் நின்றோம். ரதியின் முதல் அடியைப் பாடிவிட்டு மாரி மைக்கை என் பக்கம் நீட்டினான். நான் கத்தினேன்: “கிட்டாரக் கீழ போடுடா, துரோகி!” கூட்டம் ஊளையிட்டது.

அன்று எனக்குக் கேட்காதது இன்று கேட்கிறது. மூன்று தரம் அதே அடியைப் பாடுகிறான். மூன்று தரமும் காத்திருக்கிறான். அடுத்த அடிக்குப் போகவே இல்லை. வழக்கத்தைக் கெடுத்தவன் என்று நாங்கள் விரட்டியவன் சட்டத்தை விடவில்லை. விட்டவன் நான்.

அதோடு அவன் பாட்டை நிறுத்திவிட்டான். வருஷங்கள் கழித்து லுணுகலை பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டபோது, “ஒன்ன நம்பித்தான்டா அந்த எடத்த விட்டு வச்சிருந்தேன்” என்றான். போன வருஷம் அவனும் போய்ச் சேர்ந்தான். எங்கள் தோட்டத்து டிவிசனில் கூத்தும் நின்று எவ்வளவோ காலம்.

மகள் உள்ளே போனதும் திரும்பப் போட்டேன். அவன் நிறுத்துகிற இடத்தில் இப்போதாவது பாடிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மெட்டு வந்தது. வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? அதைப் பாடிய கடைசி ஆள் நான்தான்.