பெருநாள் விடுமுறையில் வராத இருமல்

என் மூத்த சகோதரர், காக்கா, வபாத்தாகி வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருடம் நிறைவடைகிறது. கத்தம் ஓத வருவோரிடம் நினைவு மலர் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் இருந்ததில்லை. அவருடைய ஒரே உடன்பிறப்பு நான். நான் எழுதாவிட்டால் எழுத ஆளில்லை. இதிலுள்ள பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக.

காக்கா சாய்ந்தமருதுவில், கடலிலிருந்து மூன்றாவது வளவில் பிறந்தார். வாப்பா தொய்வு எனும் இழுப்பு வருத்தத்தில் மௌத்தானபோது காக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஏழு. அடுத்த திங்கட்கிழமையே சம்மாந்துறைப் பக்கத்து அரிசி மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நான் படித்தேன். பத்தாம் வகுப்பிலிருந்து தினமும் நாட்குறிப்பு எழுதினேன். அதற்கான கொப்பிகளை வாங்கித் தந்தவரும் அவரே. சுனாமி மதினியைக் கொண்டுபோனது. பிள்ளைகள் இல்லை. அதன்பின் என் வளவுக்குள் ஒற்றை அறையில் இருந்தார். வேலையால் வந்தால் அந்த அறையில் ரேடியோ மட்டும் கதைத்துக்கொண்டிருக்கும்.

நெல்லைக் குழியில் கொட்டுவதும் உமியை வாரி ஒதுக்குவதும் அவருடைய வேலை. நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னதும், இயந்திரங்களைத் துப்புரவு செய்யும் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு சாக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். தலை, சேர்ட், சாரம் எல்லாவற்றுக்கும் காற்றடித்துத் தூசைப் போக்கிய பிறகே தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்வார். ஏன் கதவைச் சாத்துகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"வெளிய நிண்டு அடிச்சா மத்தாக்கள்ர மேலதானே போகும். தொழுற ஸப்புல பக்கத்துல நிக்கிறவருக்கு நம்மட தூசி எதுக்கு?"

அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அதை நற்குணமாகவே நான் எழுதி வைத்தேன். நற்குணம்தான். அந்தச் சின்ன அறையில் அவர் எதைச் சுவாசித்தார் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இருமல் தொடங்கியபோது எல்லோரும் தொய்வு என்றோம். "வாப்பா தம்பிக்கு மூளையக் குடுத்தார், எனக்குத் தொய்வக் குடுத்தார். மூத்தவனுக்குத்தான் பெரிய பங்கு" என்று காக்கா சிரிப்பார்.

பிறகு பள்ளிவாசலுக்குப் போவதையும் விட்டார். குத்பா பிரசங்க நேரத்தில் இருமினால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்றார். ஸலாம் சொன்ன பிறகு நீளமாகக் கதைக்க மூச்சுப் போதவில்லை. அவரைப் பார்க்க ஆட்களும் மெல்ல மெல்ல வராமல் விட்டார்கள். இன்னொரு தரம் வெள்ளி ஜும்ஆவுக்கு மற்றவர்களோடு ஸப்பில் சேர வேண்டும் என்பதைத் தவிர அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதற்காகவே நெஞ்சுநோய் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

அங்கிருந்த பெண் வைத்தியர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா என்ன வேலை செய்யிறீங்க?" என்றார். சொன்னோம். "வேலை இல்லாத நாள்ள இருமல் எப்பிடி?"

"தம்பிட கொப்பியில இரிக்கும் டொக்டர். நான் தும்மினதையும் எழுதி வச்சிருப்பான்."

அன்று பின்னேரம் கொப்பிகளைப் புரட்டினேன். 'காக்காவுக்கு இருமல்' என்று வாரத்தில் மூன்று நான்கு நாள் எழுதியிருந்தேன். மில் பூட்டியிருக்கும் இரு பெருநாள் விடுமுறைகளில் மட்டும், முதல் ஓரிரு நாட்களுக்குப் பிறகு, அந்த வரி இல்லை. எந்த வருடக் கொப்பியிலும் இல்லை. மில் திறந்ததும் மறுபடி வரும். எல்லாம் என் கையெழுத்து. திகதி பிசகாமல் எழுதியவன் ஒருநாளாவது திருப்பி வாசிக்கவில்லை.

அடுத்த முறை வைத்தியர் கொப்பிகளைப் பார்த்தார். நெல் தூசும் அதிலுள்ள பூஞ்சணமும் செய்த வேலை இது, சுவாசப்பை தழும்பேறிவிட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காக்க வேலையை விட வேண்டும் என்றார். சாக்கு அறையைப் பற்றிச் சொன்னபோது கொப்பியை மூடிவைத்தார். "ஈரத் துணியால துடைச்சிருக்கலாம் ஐயா."

வெளியே வந்ததும் காக்கா சொன்னார்: "அப்ப வாப்பா எனக்கு ஒண்டும் தரல்ல."

வேலையை விட்ட பிறகான கடைசி மாதங்களில், வெள்ளிக்கிழமைகளில் அயல்வீட்டு முச்சக்கர வண்டிக்காரத் தம்பி அவரை ஏற்றிப்போய்ப் பள்ளிவாசல் மதிலோரம் நிறுத்துவார். காக்கா வண்டிக்குள் இருந்தபடி தனியே தொழுவார். ஐந்தாவது வெள்ளி, வெளியே வீதிவரை நீண்டிருந்த கடைசி ஸப்புக்கும் வண்டிக்கும் நடுவில் மில் கூட்டாளி ஒருவர் வந்து பாயை விரித்தார். இன்னும் இருவர் வந்து நின்றார்கள். ஸப்பு காக்கா வரைக்கும் வந்து சேர்ந்தது. அடுத்த வெள்ளிக்கு அவர் இல்லை.

வைத்தியருக்கும் தாதியருக்கும், வண்டிக்காரத் தம்பிக்கும், ஜனாஸாவைச் சுமந்த தோள்களுக்கும் எங்கள் நன்றி. காக்காவின் கப்றை அல்லாஹ் விசாலமாக்குவானாக.

பாயை விரித்த கூட்டாளி தன் பெயரை எழுத வேண்டாம் என்றார். இன்னும் அதே மில்லில்தான் இருக்கிறார். கத்தத்துக்குச் சொல்லப் போனபோது, பதில் சொல்லுமுன் இரண்டு தடவை இருமினார்.

"எத்தன நாளா?" என்றேன்.

"சும்மா சளி, தடிமன், தம்பி."

கிளினிக் புதன்கிழமைகளில். வருகிற புதன் காலை ஆறரைக்கு அவர் வீட்டு வாசலில் நிற்பேன் என்றேன். அன்று மில் இருக்கிறது என்றார். நான் போவேன்.