நீக்க முடியாத ஆட்டக்காரர்

செகந்திராபாத் போலாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எதிர் மைதானத்தில் ஐடி கம்பெனிக்காரர்கள் நீள்வட்டப் பந்தோடு ஆஸ்திரேலிய ஃபுட்பால் பழகுகிறார்கள். இதுவரை எல்லாப் போட்டியிலும் தோல்விதான் என்கிறார், வேலியோரம் தண்ணீர் குடிக்க வந்த கேப்டன் பாஸ்கர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"இனி எப்படி ஜெயிப்பீங்க?"

"மல்காஜ்கிரி ரயில்வே காலனியில ரெண்டு வாலிபால் ஆளுங்க இருக்காங்க சார். நல்ல உயரம், தாவிப் பந்தைப் பிடிப்பாங்க. அவங்களைச் சேர்க்கணும்னா எங்க டீம்ல ரெண்டு பேரை எடுக்கணும்."

"ஓட முடியாம நிக்கிறாரே, அவரையா?"

"நக்கோ சார், வேண்டவே வேண்டாம். அவர் எங்க மேனேஜர். இந்த வாரம் எனக்கு அப்ரைசல்."

மேனேஜர் உதைத்த பந்து கோல் கம்பங்களை விட்டு வெகுதூரம் விலகிச் சாலையில் விழுகிறது. பாஸ்கர் முதல் ஆளாகக் கை தட்டுகிறார். பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கையசைத்து வெளியே கூப்பிடுகிறார்.