இருதலைத் தசையும் மடவைக்காலும்

அடுத்தவர் வலியைக் குறைப்பதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் கூட்டியாக வேண்டிய தொழில் எங்களுடையது. பிசியோதெரபி படித்துவிட்டு 'உருவி விடறவங்க' என்று பெயர் வாங்கிய என் இனத்தாரே, உங்களுக்கு இது புரியும். எனக்குப் பொன்னேரி, வேலை பழவேற்காட்டில் ஒரு சின்ன கிளினிக்கில். வருகிறவர்களில் பாதிப்பேர் மீன் பிடிப்பவர்கள், மீதிப்பேர் மீன் விற்பவர்கள். தசைகளின் பெயர்களைக் கல்லூரியில் லத்தீனில் உருப்போட்டுத் தேறியவள் நான். அவற்றை வாய்விட்டுச் சொன்னால் என்னவெல்லாம் ஆகும் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஒன்றுக்கு மூன்று

சேர்ந்த புதிதில், நோயாளிகளிடம் நல்ல தமிழில்தான் பேசுவது என்று வைராக்கியமாக இருந்தேன். கோட்டைக்குப்பத்திலிருந்து கன்னியப்பன் வந்தார். படகைக் கரையேற்றும்போது முழங்கைக்கு மேலே சுருக்கென்று பிடித்துக்கொண்டதாம். அமுக்கிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க. உங்க இருதலைத் தசையில லேசான கிழிசல், அவ்வளவுதான்" என்றேன்.

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. பைசெப்ஸ் என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். "கைக்குள்ள ரெண்டு தலையா? அது எப்ப வந்துச்சு?" என்று கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். அந்தத் தசை மேலே இரண்டாகப் பிரிந்து எலும்பில் ஒட்டியிருக்கும், அந்த முனைக்குத்தான் தலை என்று பெயர், எல்லாருக்கும் அப்படித்தான் என்று படத்தைக் காட்டி விளக்கினேன். நம்பாமல், வாசலில் நின்ற மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மா நிஜமான கவலையோடு என்னைக் கேட்டார்: "இருக்கிற ஒரு தலையே சொன்னா கேக்கறதில்ல. இதுல இன்னும் ரெண்டு வேறயா டாக்டரம்மா?"

தப்பான மீன்

அஞ்சலைக்கா பழவேற்காடு ஏரியில் கையாலேயே இறால் பிடிப்பவர். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைத் தடவிப் பிடித்து, வாயில் கவ்விய பறிக் கூடையில் போட்டுக்கொண்டே போக வேண்டும். கரையேறியதும் கால் இழுத்துக்கொண்டு, எழுந்து நிற்கவே முடியவில்லை என்று வந்தார். "இது கெண்டைக்கால் தசைக்கா. தொட்டுப் பாருங்க, கெண்டை மீனாட்டம் நடுவுல பருத்து, முனையில சிறுத்துப் போகுது. அதான் அந்தப் பேரு" என்று ஏதோ நானே பெயர் வைத்தமாதிரி சொன்னேன். சுவரில் கையூன்றிக் குதிகாலை அழுத்தி நிற்கும் பயிற்சியையும் காட்டினேன்.

அடுத்த வாரம் நொண்டாமல் நடந்து வந்தார். எனக்குச் சந்தோஷம். அவர் முகத்தில் மட்டும் தீராத ஒரு யோசனை. "கெண்டை நல்ல தண்ணி மீனாச்சே கண்ணு, எங்க ஏரி உப்புல அது எப்டிப் பொழைக்கும்? இங்க பொழைக்கிறது மடவை மீனுதான். எங்க ஆளுங்களுக்கு மடவைக்கால்னு எழுதிக்கோ."

தேவகியின் கண்ணாடி

தேவகிக்கு மார்க்கெட்டில் மீன் வியாபாரம். குரலே பாதி விளம்பரம். ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது. இடது கண் மூடவே இல்லை. பக்கவாதம் என்று தெருவே சொல்லிவிட்டது. பெரிய டாக்டர், இது பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பில் வீக்கம், தேறிவிடும் என்று மாத்திரை கொடுத்து என்னிடம் அனுப்பினார். அவள் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். வியாபாரத்தை நிறுத்திவிட்டாள். மூன்று வயது மகள் பக்கத்தில் வரப் பயப்படுகிறாள் என்று சொல்லும்போது ஒரு கண்தான் சிமிட்டியது.

புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு, உதட்டைக் குவி என்றேன். கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேன் என்றாள். கூட வந்த கணவர் சேகர் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானும் கன்னத்தை உப்பினார். அவர் மீசையோடு உதட்டைக் குவித்த அழகில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பும் ஒரு பக்கம்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து கண்ணாடியைப் பார்த்தாள். "சிரிக்கிற தசைக்குப் பேரு இன்னா மேடம்?" என்று கேட்டாள். சைகோமேட்டிகஸ் என்றேன். "மொறைக்கிறதுக்கு?" காருகேட்டர் என்றேன். "அது எனக்கு ரொம்ப வேணும்" என்றாள்.

வாரங்கள் போயின. எனக்கே உள்ளூரக் கொஞ்சம் கலக்கம்தான். பிறகு ஒருநாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். "நேத்து மார்க்கெட்ல ஒருத்தன் என் மீனைப் பழசுன்னான். மொறைச்சேன் பாரு மேடம், ரெண்டு பக்கமும் மொறைச்சேன்!"

ஒரே கயிறு

மாசிலாமணி வீச்சு வலைக்காரர். காட்டுப்பள்ளித் துறைமுகம் வேண்டாம் என்று ஊரோடு போய்ப் போராட்டத்தில் உட்கார்ந்தவர். அவர் மகன் ரமேஷ் அந்தத் துறைமுகத்துக்கே வெல்டிங் வேலைக்குப் போனான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒரே வீட்டில் ரசம் வேண்டும் என்பதைக்கூட அம்மா மூலமாகத்தான் கேட்பார்களாம். இது தெரியாமல் இருவருக்கும் ஒரே நேரம் கொடுத்துவிட்டேன். இருவருக்கும் வலது தோளில் வலி. இவருக்கு வலை வீசி வீசி. அவனுக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பற்றவைத்து.

"ரெண்டு பேருக்கும் ஒரே இடம்தாங்க. சுப்ராஸ்பைனேட்டஸ்" என்றேன். "அது யாரு?" என்றார் பெரியவர். தோளை மூடிய பெரிய டெல்டாய்டு தசைக்கு அடியில் ஒளிந்திருந்து கையைத் தூக்கிவிடும் சின்னத் தசை என்றேன். கதவுக்கு மேலே மாட்டிய கப்பிக் கயிறு எங்கள் கிளினிக்கில் ஒன்றே ஒன்று. அன்றைக்குக் கூட்டம் வேறு. வேறு வழியில்லாமல் ஒரு முனையை அப்பாவிடமும் மறுமுனையை மகனிடமும் கொடுத்தேன். இவர் இழுத்தால் அவன் கை மேலே போகும். அவன் இழுத்தால் இவர் கை.

கப்பி நாலைந்து தடவை கிறீச்சிட்டது. பிறகு ரமேஷ், "வலிச்சா சொல்லு நைனா" என்றான்.  பெரியவர் தன் முறை வந்தபோது கயிற்றை ரொம்ப மெதுவாக இழுத்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, மகனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "வலை இழுக்க வரமாட்டேன்னுட்டான். கயிறு இழுக்கவாவது வந்தானே! நாளைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே நேரமா போட்டுடும்மா."

எந்தத் தசையில் வலி என்று இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடிக்கும் என்னிடம், "எல்லா எடத்துலயும்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற யாரோ ஒருவர்தான் நாளைக் காலையில் முதல் ஆளாக நிற்கப்போகிறார், நானும் சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறக்கப்போகிறேன்.