இருபத்து மூன்று சிவப்புப் புள்ளிகள்

கதவு திறந்ததும் விக்னராஜா கேட்பது சுகமா என்றல்ல. "எத்தினை தரம் போனது? தண்ணியாவோ?" பதிலைக் கொப்பியில் எழுதிக்கொண்டு குசினிக்குள் போவார். குழாயைத் திறந்து ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். குடிக்கமாட்டார்.

இத்தாலியின் பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாச் சந்துகளில் மூன்று நாட்களாக இதுதான் அவருக்கு வேலை. காலையில் மட்டும் ஓர் இத்தாலிய அம்மாவின் கட்டடத்து மாடிப்படிகளைக் கழுவிவிட்டு வருவார். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவர். பலேர்மோ அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டது. சனம் மட்டும் இன்னமும் "இன்ஸ்பெக்டர் அண்ணை" என்றே கூப்பிடுகிறது. கூப்பிட்டால் முதுகு தானாக நிமிரும்.

"ஐம்பத்திநாலிலை லண்டனிலை" என்று அவர் தொடங்கினால், புதிதாகக் கேட்பவர்கள் அவர் அங்கே வேலை பார்த்தவர் என்று நினைப்பார்கள். அது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து நான்கு. ஊரெல்லாம் வாந்திபேதி. பெரிய டொக்டர்மார் கெட்ட காற்று என்றார்கள். ஜோன் ஸ்நோ என்ற ஒருவர் மட்டும், இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகத் தெருப்படத்தில் குறித்தார். குறிகள் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்தன. தூரத்து ஊரில் ஒரு விதவையும் செத்திருந்தாள். விசாரித்தால், ருசிக்காக அந்தப் பம்புத் தண்ணீரையே தருவித்துக் குடித்தவள். "கிருமி எண்டு ஒருத்தரும் நம்பாத காலம். மனிசன் கேட்டுக் கேட்டே பிடிச்சவர்" என்று முடிப்பார், தன் மேலதிகாரியைப் பற்றிச் சொல்வதுபோல.

இந்த முறை விஷயம் ஞானம்பிகையின் வடை. ஞாயிற்றுக்கிழமை சாந்தா ரொசாலியா புனிதையின் மலைக்கோயிலுக்கு நடந்த தமிழ்ச் சனத்தில் பலருக்கு வயிற்றோட்டம். அடிவாரத்தில் வடை விற்றவள் அவள். புருஷன் இல்லாமல், வடையாலும் சோற்றுப் பார்சலாலும் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவள். திங்கள் முதல் அவளிடம் ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை.

"அண்ணை, நான் சுட்ட எண்ணெயைத் திருப்பிப் பாவிக்கிறேல்லை. உங்களுக்குத் தெரியுந்தானே?"

"பொறு பிள்ளை. உது மொட்டைமாடித் தண்ணித் தாங்கியாத்தான் இருக்கும். நான் பிடிச்சுத் தாறன்."

நகரப் படம் ஒன்று வாங்கிச் சிவப்புப் புள்ளிகள் வைத்தார். அல்பெர்கேரியாவில் பதினாறு, ஒரேத்தோவில் ஆறு, படத்தின் ஓரத்தில் பகேரியாவில் ஒன்று. புள்ளிகள் எந்தத் தாங்கியைச் சுற்றியும் குவியவில்லை. படுத்திருந்தவர்களில் ஒன்பது பேர் வடையையே தொடாதவர்கள். பகேரியாப் புள்ளிதான் அவரை உறுத்தியது. அங்கே படுத்திருந்த எமிலியானா மலைக்கே வரவில்லை, முறிந்த காலில் பிளாஸ்ரர். ரயிலேறிப் போனார்.

"வடை சாப்பிட்டனீரோ?"

"எனக்கெங்கை வடை! மனிசன் வாற வழியிலை ரெண்டையும் விழுங்கிப்போட்டு வந்தவர். அவருக்கு வயித்திலை ஒரு வருத்தமுமில்லை."

"அப்ப நீர் என்ன சாப்பிட்டது?"

"உங்கடை மோர்தானே அண்ணை. போத்திலிலை அடைச்சுக் கொண்டுவந்து தந்தவர். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குளிர்."

மலையடிவாரத்து மோர்ப் பந்தல் அவர் போட்டது. தண்ணீரைத் தானே கொதிக்கவைத்து, ஆறவைத்து, துணியால் மூடியிருந்தார். வெயில் ஏறியதும் கடைக்கார றோபேட் ஒரு மிடறு குடித்துவிட்டு, "இன்ஸ்பெக்டர் அண்ணை, இது மோரோ சுடுதண்ணியோ?" என்று வரிசையே சிரிக்கக் கேட்டான். ரோசம் வந்துவிட்டது. பக்கத்து மீன்காரனிடம் இரண்டு வாளி ஐஸ் வாங்கி வந்து கொட்டினார். மீன் ஐஸைச் சர்பத்தில் போட்டதற்காக ஊர்த் திருவிழாக்களில் எத்தனையோ கடைக்காரர்மேல் வழக்கு எழுதியவர்.

திரும்பும் ரயிலில், ஞாயிறன்று தின்றது குடித்தது எல்லாம் கேட்டெழுதிய கொப்பியை மறுபடி பார்த்தார். இருபத்து மூன்று பேரும் மோர் குடித்தவர்கள்.

றோபேட்டின் கடையில் மாலைக் கூட்டம். ஞானம்பிகை மூடிய தட்டத்துடன் வாசலிலேயே நின்றாள்.

"என்னண்ணை, வடைதானே?" என்று ஒருவர் கேட்டார்.

"வடையில்லை. மோர். நான் போட்ட ஐஸ்."

றோபேட் அவரை அரிசி மூட்டைகளின் பக்கம் இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கென்ன விசரே? தண்ணித் தாங்கி எண்டு சொல்லிவிடுவம். வீட்டுக்காரன் இத்தாலியன், அவனுக்கு என்ன விளங்கப்போகுது? அவளும் தப்பியிடுவாள், உங்கடை பேரும் நிக்கும்."

விக்னராஜா கையை விடுவித்துக்கொண்டார். வாடகை அறை, ரெலிபோன் கார்ட் விளம்பரங்களின் நடுவே படத்தைச் சுவரில் ஒட்டினார். மலையடிவாரத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். பிறகு, வாசலில் நிற்பவர்களுக்கும் தெரியும்படி, அதற்குள் தன் பெயரை எழுதத் தொடங்கினார்.