தொப்பிக்குள் ஒரு வருத்தம்

இருபத்தாறு வயதில் என் தலையில் மிச்சமிருந்த முடியை இரண்டு காதுகளும் பாகம் பிரித்துக்கொண்டன. நடுவில் ஒன்றுமில்லை. எழுபதுகளின் கடைசி அது. ஊர் இளவட்டமெல்லாம் காதை மூடி முடி வளர்த்துத் திரிந்த காலம். நான் கல்முனைப் பக்கத்து மருந்தகமொன்றில் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தன் தலைக்கே மருந்தில்லாதவன் என்று வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். தேநீர்க் கடைக் கூட்டாளிகள் என் தொழிலுக்கு ஏற்றாற்போல் நோய்ப் பெயர் மாதிரியே "முடிபோயிட்டிஸ்" என்று பெயர் வைத்தார்கள். நானும் விடவில்லை.

"ஓம், என்ட தலையில வெளிநோயாளர் பிரிவு மட்டுந்தான் இரிக்கி. தங்கி நிக்க ஒருத்தரும் இல்ல" என்பேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பெண்ணுக்கு ஊர் சாய்ந்தமருது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். ஆகவே காலமெல்லாம் என் தலையைப் பார்க்கப்போவது பெண் மட்டுமல்ல, அவளுடைய வாப்பாவும்தான். அக்காவை நாங்கள் ராத்தா என்போம்; அவளுடைய கணவரான மச்சான்தான் பேச்சை நடத்தினார். மொட்டை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என் மருந்துப் புத்தகத்தில் பார்த்துவைத்த சொல்லை எடுத்து, "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் அலோபீசியா இரிக்கி. மற்றப்படி தங்கமான பொடியன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பெண்வீடு ஆடிப்போனது. வலிப்பு நோயா, தொற்றுகிற வருத்தமா, பிள்ளைகளுக்கும் வருமா என்று ஆளுக்கொன்று கேட்டார்களாம். பேச்சு முறியப்போகிறது என்று செய்தி வந்தது. தையல் வகுப்புக்குப் போகிற வழியில் அவளை இரண்டொரு தரம் கண்டிருக்கிறேன். கைவிட்டுப் போனால் தாங்கமாட்டேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பெண்ணின் வாப்பா எங்கள் பள்ளிவாசலுக்கு வருவதாகச் சொன்னார்கள். ஆளை நேரில் பார்க்கத்தான். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவுகிற வுழூவுக்கு மச்சான் ஒரு வழி சொல்லித்தந்தார்.

"தொப்பியக் கழட்டாத. வுழூ எடுக்கக்குள்ள முன்பக்கம் ஒரு விரல் அளவுக்குத் தூக்கி, ஈரக்கையால தலையத் தொட்டாக் காணும். நம்மட மத்ஹபுல அது கூடும்."

கூடும்தான். நாங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்டவழியில் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் ஒளிப்பதற்காக அந்தச் சலுகையை எடுக்க என் மனம் கேட்கவில்லை. கோபமும் வந்தது. நான் யாருடைய முடியையும் திருடவில்லையே.

தண்ணீர்த் தொட்டியோரம் பெண்ணின் வாப்பாவுக்குப் பக்கத்திலேயே போய்க் குந்தினேன். முகமும் கையும் கழுவி, தலையைத் தடவும் இடம் வந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன். இரண்டு கைகளையும் நெற்றியிலிருந்து பிடரிவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். வேண்டுமென்றே ஆறுதலாக, மெதுவாகச் செய்தேன். பின்னால் மச்சான் செருமினார்.

"மாமா, அலோபீசியா எண்டா இதுதான். மொட்டை. வேற வருத்தம் ஒண்டுமில்ல."

அவர் என் தலையைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"இதுக்கா ரெண்டு நாளா எங்கட வீட்டுல ஒருத்தரும் சரியாச் சோறு தின்னல்ல?"

என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மகள் ஒண்டு கேட்டு வரச் சொன்னவ. இது சுகமாகுமா எண்டு."

"இல்ல மாமா. ஆகாது. இப்படியேதான் இரிக்கும்."

"ஓம்" என்று மட்டும் சொல்லி எழுந்து தொழப் போய்விட்டார். அன்றைய தொழுகையில் என் மனம் நிற்கவேயில்லை.

மறுநாள் சம்மதம் என்று மச்சானிடமே சொல்லியனுப்பினார்கள். பெண் தனியாக ஒரு செய்தியும் கொடுத்திருந்தாள்.

"எங்கட வீட்டுக்குள்ள தொப்பியோட இரிக்கத் தேவல்ல எண்டு அவருக்குச் சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மச்சானுக்கு முன்னாலேயே அழுதேன். அதையும் நான் மறைக்கவில்லை.