பெட்ரோல் பட்ட குழாய்

என் வீட்டுக்காரரைத் தெருவில் காத்துக்காரர் என்பார்கள். விரல் நீளக் குழாயைக் காற்று இழுக்கும் பம்பில் மாட்டி மொட்டை மாடியில் வைப்பார். மறுநாள் மூடி, ஆய்வுக்கூடத்தில் கொடுப்பார். அங்கே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற மிஷின், குழாயில் ஒட்டியிருப்பதை எடை பார்த்துப் பிரித்து, எந்த விஷம் எவ்வளவு என்று சொல்லிவிடும். குழாயில் வாசனை ஒட்டக்கூடாது என்று இருபது வருஷமாக அவர் தலைக்கு எண்ணெய் வைத்ததில்லை.

"என்னக்கா, மாமா காத்து வாங்கப் போயிட்டாரா?" என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொண்டே போவார்.

கொழுந்தன் மகளுக்கு ஒன்பது வயதில் ரத்தப் புற்று வந்தது. தெருவில் அது மூன்றாவது. பின்னால் இருக்கும் பெயிண்ட் ஃபேக்டரி விடும் பென்சீன்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினோம். வரம்பைத் தாண்டினால் மூடுகிறோம் என்றார்கள் அதிகாரிகள். அளக்க ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள்.

கொழுந்தன் வீட்டு மாடியில் இவர்தான் குழாய் வைத்தார். மறுநாள் மூடப் போன நேரத்தில் பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியில் பெட்ரோல் போட்டபோது கையில் சிந்தியது. திரும்பி வந்து அதே கையால் குழாயை மூடிவிட்டார்.

முடிவு வரம்பைப் போல நாலு மடங்கு. தெருவே கும்பிட்டது.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் காற்று இழுக்காமல் கூடவே கொண்டுவரும், ஒன்றும் இருக்கக் கூடாத வெறும் குழாயிலும் பென்சீன் இருந்தது. ஆய்வுக்கூடத்து மேடம் இவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெறும் குழாயை மறந்து மாடியில திறந்தே விட்டுட்டீங்களா, ஐயா? அப்படின்னா அதுவும் அந்தக் காத்துதான். முடிவு நிக்கும்."

"இல்லம்மா. என் கையில பெட்ரோல் இருந்துச்சு. அதுலயும் பென்சீன் உண்டு, அதே கையாலதான் ரெண்டு குழாயையும் தொட்டேன்."

முடிவைத் தள்ளிவிட்டார்கள்.

அன்று மாலை கொழுந்தன் வந்தான். உட்காரவில்லை.

"ஒரு பொய், அண்ணே. ஆமான்னு ஒரு வார்த்தை. வாயில வரலையா?"

"பொய்னு தெரிஞ்சா அப்புறம் யார் அளந்தாலும் நம்ப மாட்டாங்கடா."

"அளந்துக்கிட்டே இரு. நான் பிள்ளைக்குச் சவப்பெட்டி செய்யச் சொல்றேன்."

சொல்லியிருக்கலாமே என்று நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன். கடவுள் அதைக் கேட்டிருப்பார்.

மறுபடி அளக்க நாலு மாதம் ஆனது. பிள்ளை மூன்றாம் மாதமே போய்விட்டாள். இந்த முறை பென்சீன் வரம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. ஃபேக்டரி ஓடுகிறது.

கொழுந்தன் எங்கள் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நான் தினமும் இருவருக்காகவும் வேண்டுகிறேன். யார் செய்தது சரி என்று மட்டும் கடவுளிடம் கேட்பதில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயம்.