இடம் மாறிய திருஷ்டிப் பொட்டு

நான் செய்த அந்தக் குட்டிப் படத்தைப் பார்த்த அன்றே என் கணவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா? மூன்று வருடமாகியும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். முடியளவு கீறலையும் வெறும் கண்ணால் பிடித்துவிடுகிறவர்.

அந்த வருடம் கம்பெனி அவரை ஆறு மாதப் பயிற்சிக்கு வடக்கே அனுப்பியது. மகளுக்குப் பதின்மூன்று மாதம். எங்கள் தெருக் குழந்தைகள் டாட்டா காட்டப் பழகுவதே காலையில் வரும் கம்பெனி பஸ்ஸைப் பார்த்துத்தான். என் மகள் மட்டும் இடுப்பில் உட்கார்ந்து டிரைவரை முறைப்பாள்.

"எங்க வீட்டுது ஒன்பது மாசத்துலயே டாட்டா காட்டுச்சுக்கா. உங்க பாப்பா என்ன, டிராபிக் போலீஸ் மாதிரி பாக்குது?" என்பாள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெண். சிரித்துவிட்டு உள்ளே வந்து கவலைப்படுவேன். பக்கத்து வீட்டில் தெலுங்கு, வீட்டுக்காரம்மாவிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று கேட்டுக் குழம்புகிறாளோ? டாக்டர் ஒன்றுமில்லை என்றார். நான் சரியாகக் கேட்டேனா என்று அதற்கும் சந்தேகம்.

ஞாயிறுதோறும் அவர் போனில் கேட்பார்: "டாட்டா காட்டுறாளா?"

"காட்டிடுவாளுங்க. கையெல்லாம் தூக்குறா."

தூக்கியது கிலுகிலுப்பையைப் பிடிக்க. அப்படித் தூக்கியபோது நான் எடுத்த போட்டோ கம்ப்யூட்டரில் இருந்தது. கல்யாணத்துக்கு முன் கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் டி.டி.பி. படித்திருந்தேன். ஒரு மதியம் அவள் தூங்கும்போது போட்டோ எடிட்டிங் சாப்ட்வேரைத் திறந்தேன். கிலுகிலுப்பையை அழித்தேன். கையை மட்டும் வெட்டி, படத்தின்மேல் கண்ணாடித் தாள்போல் கிடக்கும் தனி லேயரில் வைத்தேன். அதையே இன்னும் இரண்டு லேயரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். தோளில் விழுந்த ஓட்டையைக் கவுன் நிறத்தால் மூடினேன். மூன்று படங்களையும் வரிசையாக ஓடவிட்டபோது, ஈ ஓட்டுவதுபோல் கை பறந்தது. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் சற்று நேரம் கொடுத்ததும் நிதானமாக அசைந்தது. ஆனால் அது இடது கை. ஊரில் மாமியார் பார்த்தால் ஏதாவது சொல்வாரே என்று முழுப் படத்தையும் இடவலமாகத் திருப்பினேன். தபால்தலை அளவுக்குச் சுருக்கி, அவரோடு சாட் செய்யும் மெசஞ்சரில் என் பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன். விளையாட்டாகத்தான். அன்று முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மாலையில் அவரிடமிருந்து போன் வந்தது. "பாத்துட்டேன். இங்க கூட இருக்கிற எல்லாருக்கும் காட்டிட்டேன். எம் பொண்ணு டாட்டா காட்டுறா பாருங்கடான்னு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "ஏம்மா, பொட்டு ஏன் வலது கன்னத்துக்குப் போயிருச்சு?" என்றார்.

எப்போதும் இடது கன்னத்தில்தான் திருஷ்டிப் பொட்டு வைப்பேன். படத்தோடு அதுவும் திரும்பியதை நான் கவனிக்கவே இல்லை.

"இனிமே அந்தப் பக்கம் வைக்கலாம்னுங்க."

"சரி சரி."

மறுநாளிலிருந்து வலது கன்னத்தில் வைக்க ஆரம்பித்தேன். பொய்யைச் சரிக்கட்டத் தினமும் மை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்திருந்தேன். படத்துப் பாப்பா கை ஆட்டிக்கொண்டே இருந்தது. இவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் பார்ப்பதுபோல் தன் இடது கையைத் தூக்கி, விரல்களை மூடித் திறந்தாள். நானும் பதிலுக்கு ஆட்டினேன். மறுநாள் பஸ்ஸுக்கும் ஆட்டினாள். டிரைவர் ஹாரன் அடித்தார். "டிராபிக் கிளியர் ஆயிடுச்சு போலக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவர் திரும்பி வந்த அன்று, யாரோ என்று அழுதவள், அரை மணி நேரம் கழித்து இடது கையால் டாட்டா காட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார், வலது கன்னத்துப் பொட்டைப் பார்த்தார், சிரித்தார்.

போன வாரம் சொல்கிறார்: "அந்த டாட்டா போட்டோவோட ஒரிஜினலைத் தேடி எடும்மா. பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டலாம்."

ஒரிஜினலில் பொட்டு இடது கன்னத்தில் இருக்கிறது. கையருகே கிலுகிலுப்பை இருக்கிறது. டாட்டா இல்லை. தொலைந்துவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை; அவள் சிரிக்கும் நல்ல போட்டோ அது. ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடலாமா, அதற்கு முன் நானே சொல்லிவிடலாமா? தெரிந்துகொண்டேதான் கேட்கிறாரோ என்றும் தோன்றுகிறது. இதைப் படிக்கும் அம்மாக்கள், முடிந்தால் அப்பாக்களும், ஒரு வழி சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட் கடைக்குப் போகலாம் என்றிருக்கிறார்.